நங்கூரம் என்றால் கப்பல் நிற்கவேண்டும்: திருகோணமலையில் ஒரு தகப்பனும் மகனும்

முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் கடைசி நிகழ்ச்சி, தகப்பன்மார் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடுவது. விசில் ஊத முதலே எல்லாப் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள், ஒருவனைத் தவிர. அவன் ஆசிரியையின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றான். தகப்பன் குந்தியிருந்து இரண்டு கைகளையும் நீட்டினார். பெடியன் வீரிட்டுக் கத்தினான். இன்னும் கிட்டப் போனார். பிள்ளை மண்ணில் விழுந்து புரண்டான். பந்தலுக்குக் கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்தினார்கள். சிரித்ததைவிட நிறுத்தியதுதான் அவருக்குச் சுட்டது. ஓட்டம் அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. அன்று பின்னேரம் அவர் தொழிலுக்குப் போகவில்லை.

இதை எனக்குச் சொன்னவர் அந்த ஆசிரியை. நான் திருகோணமலையில் உளவளத்துணைப் பணியில் இருப்பவன். சிறுவர்களோடும் பெற்றோரோடும் வேலை. ஆவணி கடைசியில் தொடங்கி அடுத்த சித்திரை வரை இந்தக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய்வந்தேன். இதை எழுதத் தாயும் தகப்பனும் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காணக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர்கள் ஒன்றும் இல்லை. தகப்பன், தாய், மகன் என்றே வரும். மகனுக்கு அப்போது நாலரை வயது. அவனுக்குக் கீழே இரண்டு வயதில் ஒரு தங்கச்சி.

முறைப்பாடு

தாய் சொன்னது: “சேர், தகப்பன் வீட்டுக்குள்ள வந்தா இவன் என்ர பின்னால ஒளியிறான். அவர் அடிக்கிற ஆள் இல்ல. ஒருநாளும் கை வச்சதில்ல. என்னத்துக்குப் பயப்பிடுறான் எண்டு எனக்கும் விளங்குதில்ல.”

தகப்பன் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: “அவனுக்கு என்னைப் பிடிக்கேல்ல. விடுங்க சேர்.”

இப்படி ஒரு பிள்ளை வந்தால் முதலில் பார்க்கவேண்டியது விளையாட்டை அல்ல. வீட்டில் அடி உதை இருக்கிறதா, வேறு யாரும் பிள்ளையைத் தொந்தரவு செய்கிறார்களா, காது கேட்கிறதா, பேச்சு வயதுக்கு ஏற்றபடி வந்திருக்கிறதா, மற்றப் பிள்ளைகளோடு எப்படி இருக்கிறான் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். தாயிடம் தனியாகக் கேட்டேன். அப்பம்மாவிடம் கேட்டேன். குடும்பநல உத்தியோகத்தரிடம் இருந்த வளர்ச்சிப் பதிவைப் பார்த்தோம். நிறையும் உயரமும் சரி. பேச்சும் சரி, ஆசிரியையோடு வாயாடுகிற பிள்ளை. தகப்பன் மாரி காலத்தில் குடிப்பார், ஆனால் குடித்துவிட்டு வந்தால் சத்தமில்லாமல் படுத்துவிடுவார் என்று இரண்டு பெண்களும் தனித்தனியே ஒரே மாதிரிச் சொன்னார்கள். இவை ஒவ்வொன்றாகக் கழிந்த பிறகுதான் அந்த வீட்டின் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினேன்.

வீட்டின் மணிக்கூடு

தகப்பன் பைபர் படகில் இரவுத் தொழிலுக்குப் போகிறவர். பின்னேரம் 5 மணிக்கு இறங்கினால் காலை 6, 7 மணிக்குக் கரை. மீனை விற்று, வலையைப் பார்த்து, கிழிந்திருந்தால் பொத்தி, 10 மணிபோல வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுப்பார். மகன் முன்பள்ளியிலிருந்து 12 மணிக்கு வருவான். வீடு ஒரு அறையும் ஒரு விறாந்தையும் தகரக் கூரையும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தகரத்துக்குக் கீழே பகலில் நித்திரை வருவதே பெரிய காரியம். அதனால் அந்த வீட்டில் 12 மணியிலிருந்து 3 மணி வரை ஒரு வசனம்தான் ஆட்சி செய்தது: “அப்பா படுக்கிறார், சத்தம் போடாத.”

நான் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் மட்டும் அதைப் பதினொரு தடவை எண்ணினேன். அம்மா சொன்னார், அப்பம்மா சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் சொன்னார். சத்தம் போடாமல் இருக்கப் பிள்ளையின் கையில் போன் கொடுக்கப்பட்டது. 3 மணிக்கு அப்பா எழும்பியதும் போன் பறிபோனது, ஏனென்றால் அது அப்பாவின் போன். நாலரை வருடமாக இந்தப் பிள்ளைக்கு அப்பா என்பவர் யார்? அவர் படுத்தால் வாய் மூடவேண்டும், அவர் எழும்பினால் கையில் இருப்பதைக் கொடுக்கவேண்டும். இதற்கு ஒரு அடிகூடத் தேவையில்லை.

5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், 3, 4 வயதுப் பிள்ளை நாளுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாடவேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சுவாங்க ஓடியாடவேண்டும், திரைக்கு முன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. நம் பெடியன் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தான். குற்றம் தாயுடையது என்று சொல்ல எனக்கு மனமில்லை. இரவு முழுக்கக் கடலில் விழித்திருக்கும் ஒருவர் பகலில் நித்திரை கொள்ளாமல் படகோட்டினால் என்ன நடக்கும் என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

இடையில் ஒன்று. நம் நாட்டில் அரசாங்க உத்தியோகத்தருக்குப் பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு என்று 3 நாள் விடுமுறை இருக்கிறது. கடற்றொழிலாளிக்கு அந்த 3 நாளும் இல்லை. கிழக்குக் கரையில் அவருக்கு விடுமுறை கொடுப்பது வாடைக்காற்றுத்தான். ஐப்பசி கடைசியில் காற்று மாறும், கார்த்திகையிலும் மார்கழியிலும் கடல் எழும்பும், சின்னப் படகுகள் கரையேறிவிடும். கையில் காசு இல்லாத, ஆனால் ஆள் வீட்டில் இருக்கிற மூன்று மாதம். வேலை செய்வதானால் அந்த மூன்று மாதத்துக்குள் செய்யவேண்டும் என்று நினைத்தேன்.

என் பிழை

புரட்டாதியில் நான் கொடுத்த முதல் ஆலோசனை ஒரு வசனம்: “நாளுக்கு ஒரு இருபது நிமிசம் அவனோட வெளியில விளையாடுங்க.” எப்படி என்று நான் சொல்லவில்லை. அதற்கு விளக்கம் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அடுத்த முறை போனபோது விறாந்தையில் புதுப் பந்து ஒன்று, பிள்ளைக்கு ஒரு சோடி பூட்ஸ். திருகோணமலையில் உதைபந்தாட்டம் பிடிக்காத தகப்பனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இவரும் சின்ன வயதில் மக்கெய்சர் மைதானத்து மதிலில் ஏறியிருந்து ஆட்டம் பார்த்தவர். அவர் வாங்கியிருந்தது 5ஆம் இலக்கப் பந்து. பெரியவர்கள் ஆடுவது, சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம். நாலரை வயதுப் பிள்ளையின் முழங்காலுக்கு அது பந்து அல்ல, பூசணிக்காய். இந்த வயதுக்கு 3ஆம் இலக்கப் பந்தே பெரிது. காற்றுக் குறைந்த ரப்பர் பந்து இன்னும் நல்லது.

நடந்தது இதுதான். பின்னேரம் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். பெரிய பெடியள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்று “உதை” என்றார். உதைத்தான், பந்து இரண்டடி போனது. “காலின்ர உள்பக்கத்தால உதை.” திரும்ப உதைத்தான். “எங்க பாக்கிறாய், பந்தைப் பார்!” அவர் உதைத்துக் காட்டிய பந்து பிள்ளையின் நெஞ்சில் பட்டது. அழுதான். “ஆம்பிளைப் பிள்ளை அழுறதோ?” பெரிய பெடியள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை காற்சட்டையோடு சலம் போய்விட்டான்.

“அடியாத மாடு படியாது எண்டு எங்கட அப்பா சொல்லுவார். நான் அடிக்கக்கூட இல்ல சேர்” என்றார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம். தன் பங்குக்குக் காசு செலவழித்து, நித்திரையை விட்டு, சொன்னபடி செய்திருக்கிறார். பிள்ளை முந்தியைவிட மோசம். இப்போது அவர் பூட்ஸைத் தொட்டாலே அழுகை.

இந்தப் பிழையில் பெரிய பங்கு என்னுடையது. விளையாடுங்கள் என்றால் நம் தகப்பன்மார் பலருக்கு விளங்குவது பழக்குங்கள் என்பது. ஓடப் பழக்கு, நீந்தப் பழக்கு, சைக்கிள் பழக்கு. பழக்குவதில் ஒருவர் தெரிந்தவர், மற்றவர் தெரியாதவர். ஏற்கனவே கட்டளையாக மட்டும் தெரிந்த அப்பா, மைதானத்தில் இன்னும் பெரிய கட்டளையாகப் போய் நின்றார்.

தகப்பன்–பிள்ளை பிணைப்பை ஆராய்ந்தவர்களில் கனடாவின் டானியல் பக்கெற் 2004இல் எழுதியதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தாயின் மடி பிள்ளையை ஆற்றுகிறது. தகப்பனின் விளையாட்டு பிள்ளையை உசுப்பி வெளியுலகத்துக்குத் தள்ளுகிறது, ஆனால் அந்தத் தள்ளலுக்கு எல்லையும் பாதுகாப்பும் வேண்டும் என்பது அவர் வாதம். ஜேர்மனியில் கரின் குறோஸ்மனும் கூட்டத்தாரும் 44 குடும்பங்களை 16 வருடம் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரே பேசுகிறது. பிள்ளைக்கு 2 வயதாக இருந்தபோது தகப்பன் விளையாட்டில் எவ்வளவு இங்கிதமாக நடந்தார் என்பதைக் குறித்துவைத்தார்கள். பிள்ளையின் போக்குக்கு இடம் கொடுத்தாரா, முடியக்கூடிய அளவுக்கு மட்டும் சவால் வைத்தாரா என்பதுதான் அங்கே இங்கிதம். உறவுகளைப் பற்றிய அந்தப் பிள்ளையின் மனநிலையோடு அது வருடங்கள் கழித்தும் தொடர்புபட்டிருந்தது. எவ்வளவு நேரம் விளையாடினார் என்பதை விட்டுவிட்டு எப்படி விளையாடினார் என்று கேட்ட ஆய்வு அது. நான் இருபது நிமிடத்தை மட்டும் சொல்லி, எப்படி என்பதை விட்டுவிட்டிருந்தேன்.

கப்பல்

ஐப்பசியில் திரும்பத் தொடங்கினோம். பந்தும் பூட்ஸும் பரணில் ஏறின. இந்த முறை நிபந்தனைகள் தகப்பனுக்கு. நேரம் ஒன்றே, 3.30, பூவரசுக்குக் கீழே. போன் தாயிடம். என்ன விளையாட்டு என்று மகன் சொல்லுவான். அப்பா “இது செய்வமா, அது செய்வமா” என்று கேட்கக்கூடாது. “அப்படி இல்ல, இப்படி” என்ற சொல் வாயில் வரக்கூடாது. குடித்திருந்தால் அன்றைக்கு விளையாட்டு இல்லை. அதைத் தாய் முடிவு செய்வார். கடைசி நிபந்தனையில் அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரி என்றார்.

முதல் நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பெடியன் தாயின் பின்னால் நின்று பார்த்தான். தகப்பன் மரத்தடியில் குந்தியிருந்தார், கையை என்ன செய்வதென்று தெரியாமல் பழைய வலை ஒன்றை எடுத்து வைத்துப் பொத்தினார். அதை நான் தடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பெடியன் வந்து வலையின் மிதப்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். தகப்பன் துரத்தவில்லை. அடுத்த நாள் இன்னொரு மிதப்பு. அந்தக் கிழமை முடிய ஏழெட்டு மிதப்புகள் தண்ணீர்த் தொட்டியில் மிதந்தன. அவை படகுகள் என்று தங்கச்சிக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான்.

கப்பல் வந்தது ஒரு மழை நாளில். முற்றம் முழுக்கத் தண்ணீர். விறாந்தையில் தகப்பன் முழங்காலில் நின்று, கதிரைக்குக் கீழே உருண்டுபோன ஏதோ ஒன்றைத் தேடினார். மகன் பின்னால் வந்து முதுகில் ஒரு கையை வைத்தான். பிறகு ஒரு காலை. தாய் எனக்குச் சொன்னபோது குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், இப்போதும் அவன் பயந்து இறங்கிவிடுவான் என்பதுபோல. தகப்பன் அசையவில்லை. பெடியன் ஏறி இருந்து அவருடைய இரண்டு காதையும் பிடித்தான். “ஓடுங்க” என்றான்.

அவர் எழுப்பியது அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்: இஞ்சின் கயிறு இழுத்து, பிடிக்காமல், திரும்ப இழுத்து, பிடித்து ஓடும் சத்தம். வலது காதைத் திருகினால் வலப்பக்கம். இடது காதென்றால் இடப்பக்கம். விறாந்தையைச் சுற்றி இரண்டு தரம் ஓடிய பிறகு அலை வந்தது, கப்பல் ஆடியது, பெடியன் சிரித்தான், பிறகு சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது. தகப்பன் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றார்.

அந்த இடத்தில் நின்றாரே, அதை அடுத்த நாள் நாங்கள் ஒரு சட்டமாக்கினோம். கடலில் கப்பலை நிறுத்துவது எது? நங்கூரம். பிள்ளை “நங்கூரம்!” என்று கத்தினால் அந்தக் கணமே கப்பல் நிற்கவேண்டும், அலையின் நடுவிலாக இருந்தாலும், அப்பாவுக்கு ருசி பிடித்திருந்தாலும். ஒரு விநாடி கூடுதலாக ஆட்டினாலும் சட்டம் முறிந்தது. தகப்பன் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய நங்கூரக் கயிற்றில் இரண்டு முழம் வெட்டி மகனின் கையில் கொடுத்தார். கத்தும்போது கயிற்றைக் கீழே எறியவேண்டும். எடுத்தால்தான் கப்பல் ஓடும்.

கட்டிப்புரண்டு, தூக்கி எறிந்து, துரத்தி விளையாடும் விளையாட்டை நம் ஊரில் “பிள்ளைக்கு ஏதும் நடந்திரும், விடுங்க” என்று பெண்கள் தடுப்பார்கள். தடுப்பதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் பெரும்பாலான ஆண்கள் பிள்ளை கத்தியபிறகும் கிச்சுக்கிச்சு மூட்டுகிறவர்கள். பிள்ளை சிரிப்பதைப் பார்த்து அவனுக்கு விருப்பம் என்று நினைப்பார்கள். கிச்சுக்கிச்சு மூட்டினால் விருப்பமில்லாதவனும் சிரிப்பான். நிறுத்தும் அதிகாரம் பிள்ளையின் கையில் இருந்தால் அதே விளையாட்டு வேறொன்றாகிவிடுகிறது. தன்னைவிட நாலு மடங்கு நிறையுள்ள ஒருவர் தன் ஒரு சொல்லுக்கு நிற்கிறார். முதல் வாரம் அந்தப் பெடியன் கப்பலில் போனதைவிட நங்கூரம் போட்டதுதான் கூட. ஏறுவான், நங்கூரம். எடுப்பான், ஒரு அடி, நங்கூரம். தகப்பன் எனக்குச் சலிப்போடு சொன்னார்: “சேர், இவன் கப்பலை ஓட விடுறானில்ல.” அவன் சோதித்துப் பார்க்கிறான், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றேன்.

தகப்பனுக்கும் ஏதோ நடந்துகொண்டிருந்தது. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் 2010இல் கைக்குழந்தைகளின் பெற்றோரிடம் கண்டது இது: பிள்ளையைத் தூக்கி அசைத்து உசுப்பி விளையாடிய தகப்பன்மாரில் அந்த விளையாட்டுக்குப் பிறகு ஒக்சிற்றோசின் என்ற, பிணைப்போடு தொடர்புபட்ட ஓமோன் கூடியிருந்தது. தாய்மாரில் அது கொஞ்சித் தடவும்போது கூடியது. இந்த மனிதரின் இரத்தத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் கார்த்திகை நடுவில் ஒருநாள் நான் 3.15க்குப் போனபோது அவர் ஏற்கனவே எழும்பி முகம் கழுவியிருந்தார். மகனைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர்.

கடற்கரை

ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் வளர்ந்த இந்தப் பிள்ளை கடலில் கால் நனைத்ததில்லை. அப்பம்மா விடவில்லை. தகப்பனும் விடவில்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலை, அவருக்குப் பதின்னாலு வயது. தங்கச்சி ஒருத்தி போய்விட்டாள். அதன் பிறகும் அவர் ஒவ்வொரு இரவும் அதே கடலுக்குப் போகிறார். “எனக்குப் பயமில்ல. இவங்களைக் கொண்டுபோகத்தான் பயம்” என்றார். இதை உளவளத்துணையாளன் ஒருவன் “கடந்து வர” வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிப்போங்கள் என்று நான் ஒருநாளும் சொல்லவும் இல்லை. மாரிக் கடலில் குளிக்கப் போகவும் கூடாது. அந்த மாதங்களில் இழுவை கண்ணுக்குத் தெரியாது.

கேட்டவன் மகன். கப்பலுக்குத் துறைமுகம் வேண்டுமாம். விறாந்தை போதாதாம்.

டிசம்பர் 26 அன்று அந்தக் குடும்பம் வழமைபோலக் கரையில் விளக்கு வைக்கப் போனது. அந்த வருடம் பிள்ளையும் போனான். தகப்பனின் தோளில். நான் அங்கே இல்லை, நாளாந்தம் குறிக்க நான் கொடுத்திருந்த கொப்பியில் தாய் எழுதியிருந்தது ஒரு வரிதான்: “தோளில் இருந்து இறங்கேல்ல. அப்பம்மா ஒண்டும் சொல்லேல்ல.” அந்தப் பந்தலுக்குக் கீழே எல்லாரும் பார்க்க ஏற மறுத்த அதே தோள்.

பிறகு மழையில்லாத பின்னேரங்களில் டச்பே கடற்கரைக்குப் போகத் தொடங்கினார்கள். சட்டத்தைத் தகப்பன் வைத்தார், இது அவருடைய வேலைத்தலம் என்பதால் நான் வாய் திறக்கவில்லை: ஈர மணலுக்கு இங்காலதான் விளையாட்டு, பிள்ளை எப்போதும் கை நீட்டினால் எட்டும் தூரத்தில். விளையாட்டு நண்டு பிடிப்பது. மணலில் வளை தோண்டி, ஆள் வந்தால் பக்கவாட்டில் பறக்கும் அந்த வெளிர் நண்டுகள். அவற்றை இருவராலும் பிடிக்க முடியவில்லை, அதுதான் அந்த விளையாட்டின் அழகு. கடலில் இருபது வருடம் தொழில் செய்தவர் ஒரு நண்டைத் துரத்தி மணலில் குப்புற விழுந்ததைப் பிள்ளை பார்த்தான். ஒரு மாதம் வரை வருவோர் போவோருக்கெல்லாம் அதைச் சொன்னான்.

இதே காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ பிடித்து கன்னியா வெந்நீரூற்றுக்கும், பிறகு கோட்டைக்குள் மான் பார்க்கவும் போயிருக்கிறார்கள். ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றியதில் பிள்ளை நித்திரையாகிவிட்டான், மான் பார்க்கவில்லை. ஓட்டோக் கூலி போய்விட்டது என்று தகப்பன் புறுபுறுத்தார். நண்டுக்குச் செலவு இல்லை.

தை மாதம் பட்டம். தென்னை ஈர்க்கு, பத்திரிகைத் தாள், சோற்றுப் பசை, பழைய சேலைக் கிழிசலில் வால். முச்சை கட்டுவதைத் தகப்பன் செய்தார், மற்றதெல்லாம் இருவரும். ஒரு இடத்தில் மட்டும் நான் குறுக்கிட்டேன். நூலுக்கு அவர் எடுத்தது தங்கூசி, மீன்பிடிக்கிற நைலோன் இழை. கடற்றொழிலாளியின் வீட்டில் கைக்கு முதலில் எட்டுவது அதுதான். ஆனால் காற்று இழுக்கும்போது தங்கூசி பிள்ளையின் விரலை வெட்டும், அறுந்து தெருவில் விழுந்தால் சைக்கிளில் வருபவரின் கழுத்துக்கு ஆபத்து. பருத்தி நூல் வாங்கினார்கள். பட்டம் மூன்று தரம் குத்திக்கொண்டு விழுந்தது. நாலாம் தரம் “நீ விடு” என்று நூல் கட்டையை மகனிடம் கொடுத்துவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பட்டம் அப்போதும் விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. புரட்டாதியில் மைதானத்தில் நின்ற அதே மனிதர்.

கொப்பியில் இருந்தது

தாயிடம் ஒரு கொப்பி கொடுத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் மூன்று விஷயம்: விளையாடினார்களா, யார் தொடங்கினார்கள், யார் நிறுத்தினார்கள். ஐப்பசியில் தொடங்கியவர் என்ற இடத்தில் பெரும்பாலும் அப்பா. கார்த்திகை கடைசியில் இருந்து மகன். ஓரங்களில் நான் கேட்காத குறிப்புகளும் இருந்தன. “இண்டைக்கு நான் ஆறுதலாக் குளிச்சன்.” “அவர் நகை அடகு வைக்கப் போனவர், விளையாடேல்ல.” “குடிச்சிட்டு வந்தார், நான் வேண்டாம் எண்டன், கேட்டார்.” “சின்னவளும் கப்பலில ஏறிட்டாள், பெரியவன் அடிக்கிறான்.” கடைசிச் சிக்கலுக்கு நான் வைத்திருந்த தீர்வைவிடப் பெடியனின் தீர்வு நல்லது: தங்கச்சி பயணி, அவள் சீட்டு எடுக்கவேண்டும், சீட்டு என்பது ஒரு பூவரசம் இலை.

சரிவராதவையும் உண்டு. பந்தைக் கண்டால் பெடியன் இப்போதும் விலகிப் போகிறான். 5ஆம் இலக்கப் பந்து இன்னும் பரணில்தான். இரவில் சில நாள் படுக்கையில் சலம் போகிறது. அது இந்த உறவோடு தொடர்பா இல்லையா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஏலாது, இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு அது உண்டு. மார்கழியில் காசில்லாத இரண்டு கிழமை தகப்பன் விளையாட்டையே விட்டுவிட்டார். போன் முற்றாகப் போகவில்லை. மத்தியானம் ஒரு மணித்தியாலமாகக் குறைந்தது, மீதி நேரத்தைப் பக்கத்து வீட்டு மாமரத்தடி எடுத்துக்கொண்டது. பிள்ளையை அங்கே அனுப்பலாம் என்று நாலரை வருடமாக யாருக்கும் தோன்றாதது எனக்கு இப்போதும் வியப்பு.

இந்த வீட்டில் பலித்ததை வேறு தகப்பன்மாரிடமும் முயன்று பார்த்தேன். ஓட்டோ ஓட்டுகிற ஒருவர் நங்கூரத்தை “பிரேக்” ஆக்கிக்கொண்டார், நன்றாகப் போகிறது. அலுவலகத்தில் வேலை செய்கிற இன்னொருவர் எந்த நாளில் எந்த விளையாட்டு என்று நேர அட்டவணை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார், செவ்வாய் ஓட்டம், புதன் துள்ளல். மகள் அட்டவணையைக் கிழித்துவிட்டாள். அவளுடைய பக்கம்தான் நான்.

முதல் சந்திப்பில் இந்தத் தகப்பனிடம், உங்கள் அப்பா உங்களோடு என்ன விளையாடினார் என்று கேட்டிருந்தேன். “அவர் விளையாடினதா எனக்கு ஞாபகமில்ல. கரைவலை இழுக்கேக்க எனக்கும் கயிற்றில ஒரு இடம் குடுப்பார். பின்னால நிண்டு பிடிப்பன். என்னாலதான் வலை வருது எண்டு நினைப்பன்” என்றார். அப்போது நான் அதைக் குறித்துவைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மாசியில் ஒருநாள் மகன் இரண்டு முழக் கயிற்றை இழுத்துக்கொண்டு விறாந்தையில் போனதைப் பார்த்தபோதுதான், பூட்ஸ் வாங்க முதலே அவர் பதிலைச் சொல்லியிருந்தார் என்பது உறைத்தது.

பங்குனியில் கடல் படிந்தது. அவர் திரும்ப இரவுத் தொழிலுக்கு இறங்கினார். பகலில் திரும்பப் படுக்கை, திரும்ப “சத்தம் போடாத.” எல்லாம் பழையபடி ஆகும் என்று நான் பயந்திருந்தேன். 3.30 தப்பவில்லை, சில நாளில் அது பத்து நிமிடமாகச் சுருங்கியது. சித்திரையில் கடைசியாகப் போனபோது தாய் கொப்பியைத் திருப்பித் தந்தார். கடைசிப் பக்கத்தில், யார் நிறுத்தினார்கள் என்ற இடத்தில் எழுதியிருந்தது:

“இண்டைக்கு அப்பாவுக்கு நாரி நோ. அவர்தான் நங்கூரம் எண்டவர். இவன் உடன இறங்கிட்டான். கயிற்றை எடுத்துச் சுருட்டி அவருக்குத் தலைமாட்டில வச்சான்.”